சடையப்பன் சாப்பிட்டார்

"அந்தக் கைய மட்டும் நான் கழுவிக்கிறன்" என்று மலர்க்கொடி சொன்னதும், பக்கிரி ஊற்றப்போன குடத்தை நிறுத்தி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

வாசலில் போட்ட பெஞ்சின் மேல் அவள் புருஷன் சடையப்பன் கிடந்தார். உயிர் போனது நேற்று மத்தியானம். மகன் கதிரவன் திருப்பூரிலிருந்து வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்ததால் உடம்பு கட்டையாகியிருந்தது. நாலு பேர் வேட்டியை விரித்து மறைப்புப் பிடித்திருந்தார்கள். பெண்கள் ஆளுக்கொரு சொம்பு ஊற்றிவிட்டு நகர்ந்துவிட வேண்டும், மற்றதை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். மற்ற பெண்கள் நகர்ந்துவிட்டார்கள். மலர்க்கொடி நகரவில்லை.

"நாங்க பாத்துக்கிறம்க்கா. நேரமாவுது" என்றான் பக்கிரி. எதிர்வீட்டு ஆட்டோக்காரன். நேற்று சடையப்பனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவன் அவன்தான்.

"ஒரு நிமிசம் இருப்பா."

அவர் இடது கையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள். நேற்று ஆட்டோவில் வைத்து அவளே சுற்றிய துண்டு. அதற்கப்புறம் அதை யாரும் அவிழ்க்க அவள் விடவில்லை. ஊசி போட்ட இடம் என்று பொய் சொல்லியிருந்தாள். விரல் இடுக்குகளில் சோற்றுப் பருக்கைகள் காய்ந்து ஒட்டியிருந்தன. நகக்கண்களில் சாம்பாரின் மஞ்சள். எல்லாருக்கும் முதுகைக் காட்டிக் குனிந்துகொண்டு, தண்ணீர் விட்டுக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தாள்.

மறைப்புக்கு அந்தப் பக்கம் இருசம்மாளின் குரல் உயர்ந்தது. சடையப்பனின் அக்கா, காட்டுமன்னார்கோயிலில் வாழ்க்கைப்பட்டவள். நேற்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து ஒரே பாட்டுதான்.

"ஊருக்கே சோறு போட்ட கையாச்சே எந்தம்பி! உன்ன ஒரு வாய் சோத்துக்கு ஏங்க வச்சி அனுப்பிட்டாளே பாவி!"

பசியோடு போனார் என்பதுதான் தெருவுக்குத் தெரிந்த செய்தி. அது பொய் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சியை மலர்க்கொடி தன் கையாலேயே தேய்த்துக் கரைத்துக்கொண்டிருந்தாள். காட்டினால் இந்தப் பழி போய்விடும். ஆனால் இதைவிடப் பெரியது ஒன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

தானே புயல் அடித்த மாதத்தில்தான் அவரையும் ஸ்ட்ரோக் அடித்தது. "கடலூர்ல கரையேறுன புயலு நேரா நம்ம வூட்டுக்கு வந்துடுச்சி" என்று ஆஸ்பத்திரியில் வைத்து மலர்க்கொடி சொல்லிச் சிரித்தாள். அப்போது சிரிப்பு வந்தது. வலது கை, வலது கால், பாதி வாய் போயிருந்தன. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, இனிமேல் வீட்டில் வைத்துப் பயிற்சிதான் என்று அனுப்பிவிட்டார்கள்.

பயிற்சி கொடுக்க சிந்துஜா வந்தாள். பிசியோதெரபி படித்துவிட்டு ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்வரும் பெண். அவள் தயவில் கால் கொஞ்சம் தேறியது. ஆடி பிறப்பதற்குள் சடையப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரைக்கும் போய்வந்தார். கைதான் வரவில்லை. மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, விரல்களைப் பிரித்துவிட்டால் மறுபடி மூடிக்கொண்டது.

"அது வர்றப்ப வரட்டும்மா. அதுவரைக்கும் எடது கைக்கு வேலை கத்துக் குடுப்போம்" என்றாள் சிந்துஜா.

இடது கையால் சட்டை போட்டுக்கொண்டார். கன்னத்தில் ரத்தம் வந்தாலும் இடது கையால் சவரம் செய்துகொண்டார். சாப்பாடு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணாமலை நகரில் மாணவர்களுக்கான ஒரு மெஸ்ஸில் காலமெல்லாம் பரிமாறியவர் அவர். இடது கையில் வாளி, வலது கையில் கரண்டி. இடது கை விரல் நுனி பட்டுவிட்டால் வாளி சாம்பாரையும் சாக்கடையில் கொட்டிவிடுவார் என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். இடக்கைப் பழக்கமுள்ள ஒரு பையனை, "தம்பி, கைய மாத்து, அப்பத்தான் கொழம்பு" என்று ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார். பையன் கையை மாற்றவில்லை, மெஸ்ஸை மாற்றிக்கொண்டான்.

"அது... கழு...வுற கை" என்றார் சிந்துஜாவிடம். சீக்கு வந்த பிறகு அவர் வாயிலிருந்து முழுசாக வந்த பேச்சுகளில் அது ஒன்று. ஸ்பூன் கொடுத்துப் பார்த்தாள். ஸ்பூனைப் பிடிப்பதும் அதே கைதானே, தள்ளிவிட்டார்.

"நீங்க ஊட்டுறீங்க, அதனாலதான்மா அவரு செய்யல" என்று சிந்துஜா கடைசியில் மலர்க்கொடி பக்கம் திரும்பினாள். "தட்டுக்குக் கீழ ஈரத்துணி போட்டு வைங்க, நகராது. நிமிந்து ஒக்காரட்டும். நீங்க பக்கத்துலயே இருங்க. ஆனா ஊட்டாதீங்க."

மலர்க்கொடி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மேல வீதி ஜவுளிக்கடையில் அவளுக்கு வேலை. தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் வரவில்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை மட்டும் அவர் தானாகச் சாப்பிட்டுக்கொண்டால் அவள் வேலைக்குப் போகலாம். வேலைக்குப் போனால் வீடு நடக்கும், சிந்துஜாவும் தொடர்ந்து வருவாள், என்றைக்காவது ஒருநாள் வலது கையும் திறக்கும். எல்லாம் அந்தத் தட்டில்தான் இருக்கிறது என்று அவள் நம்பினாள்.

காலையில் இட்லியும் ராத்திரி கஞ்சியும் ஊட்டினாள், உயிர் தாங்க வேண்டுமே. மத்தியானம் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவர் சுவரைப் பார்ப்பார். அவள் அவரைப் பார்ப்பாள். சோறு காயும். வீம்புக்கு வீம்பு என்று கலியாணமான புதிதில் இரண்டு பேரையும் சொல்வார்கள், அது இப்போதும் மாறவில்லை. சில நாள் அவள் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் நின்று அழுதாள். ஆனால் ஊட்டவில்லை.

நடுவில் ஒருநாள் இருசம்மாள் வீராணம் ஏரி மீனைக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து, "வாயத் தொற ராசா" என்றதும் சடையப்பன் திறந்தார். கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டார். மலர்க்கொடி தட்டைப் பிடுங்கினாள்.

"நீங்க ஊட்டிட்டு பஸ் ஏறிடுவீங்க அண்ணி. நாளைக்கு யாரு ஊட்டுறது?"

"புருசனுக்கு ஒரு வாய் ஊட்ட ஒனக்கு வலிக்குதாடி?"

அன்றைக்குப் பிடித்துக்கொண்டது தெரு, ஒரே பேச்சை: மலரு புருஷனைப் பட்டினி போடுகிறாள்.

நேற்று அவளுக்கு ஒன்று புரிந்தது போல இருந்தது. எத்தனையோ பேர் சாப்பிடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த மனுஷன். சீக்கு வருவதற்கு முன்னால் அவர் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. மெஸ்ஸில்கூட எல்லாரும் போன பிறகு அடுப்படி மூலையில் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுவார். சோறு வேண்டாம் என்பதில்லை, அந்தக் கையோடு தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். பக்கத்திலேயே இரு என்று சிந்துஜா சொன்னது நினைவில் இருந்தது. பக்கத்தில் இருப்பதுதான் காரியத்தைக் கெடுக்கிறது என்றும் பட்டது.

சோற்றைக் குழையப் பிசைந்து வைத்தாள். "நான் கொல்லையில துணி தொவைக்கிறங்க. கதவ சாத்திட்டுப் போறன். யாரும் வர மாட்டாங்க, நானும் வர மாட்டன்" என்றாள். அவர் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் போயிருந்தது. ஃபேன் சத்தம் இல்லை, பக்கத்து வீட்டு டிவி இல்லை. அதனால் எல்லாமே கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டில் மோதிரம் இடிக்கும் சத்தம் கேட்டது. மோதிரம் இடது கையில்தான் இருந்தது. மலர்க்கொடி சோப்பைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி இடித்தது. மறுபடியும். கல்யாணத்தன்றுகூட அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. நாளைக்கே கடைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

அப்புறம் இருமினார்.

எழுந்துவிட்டாள். கதவு வரைக்கும் போனாள். இப்போது திறந்தால் கையை இழுத்துக்கொள்வார், பிறகு ஜென்மத்துக்கும் தட்டைத் தொட மாட்டார். கதவில் கை வைத்தபடி நின்றாள். இன்னொரு இருமல், அது முன்னதைவிடச் சின்னது. பிறகு சத்தம் இல்லை. அடங்கிவிட்டது, சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பி வந்தாள். துணிகளை அலசிப் பிழிந்து, கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

தட்டில் பாதிச் சோறு குறைந்திருந்தது. அவர் தாடை மார்பில் சாய்ந்திருந்தது.

ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்து வாயைத் துடைத்தபோது, செத்துப்போன வலது கன்னத்துக்குள்ளிருந்து சோறு வந்துகொண்டே இருந்தது. முந்தானையில் வாங்கி வாங்கி வழியெல்லாம் உதறினாள். பக்கிரி ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடி பார்த்துவிட்டு, "ரெண்டாவது ஸ்ட்ரோக்கா இருக்கும்மா" என்றார். இருமியதைச் சொல்லாமல் மலர்க்கொடி தலையாட்டினாள்.

இப்போது கை சுத்தமாகிவிட்டது. நகத்து மஞ்சள் மட்டும் போகவில்லை. "போதும்க்கா" என்று பக்கிரி குடத்தைச் சாய்த்தான்.

குளிப்பாட்டி, புதுவேட்டி கட்டி, பாடையில் கிடத்திய நேரத்தில் தெருமுனையில் ஸ்கூட்டி சத்தம் கேட்டது. சிந்துஜா. அவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ரப்பர் பந்தும் மரக்கட்டைகளும் இருக்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அன்றைய பயிற்சிக்கு வந்திருந்தாள். பந்தலைப் பார்த்து ஸ்கூட்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மலர்க்கொடி எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனாள். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது.

"சாப்ட்டாரும்மா."

"என்னம்மா?"

"நேத்து மத்தியானம். அந்தக் கையாலயே. பாதித் தட்டு."

சிந்துஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. சாவு வீட்டில் நிற்கிறோம் என்பது அந்த நிமிஷம் அவளுக்கு மறந்தேபோனது. "நெசமாவாம்மா? ஸ்பூன்லயா?"

"கையால."

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல! வாய்க்கு எடுத்துட்டுப் போறப்ப கை நடுங்குச்சா? நீங்க பக்கத்துல..."

நிறுத்திக்கொண்டாள். மலர்க்கொடி எங்கோ பார்த்தாள். சிந்துஜாவின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது, பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். அவர் சாப்பிட்டதற்கு இந்த உலகத்தில் சந்தோஷப்பட்டவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

"யாரு? யாரு எடது கையால தின்னது?" இருசம்மாள் எழுந்து வந்துவிட்டாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. "எந்தம்பியா? ஒம் மேல இருக்குற பழியத் தொடைக்க செத்தவன் மேல போடுறியா மலரு? உசுரே போனாலும் அவன் அந்தக் கையால ஒரு பருக்கை தொட மாட்டான். எனக்குத் தெரியாதா அவன?"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கதிரவன், "அம்மா, உள்ள வாம்மா" என்றான். சிந்துஜா வாயைத் திறந்தாள். மலர்க்கொடி அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஆமா அண்ணி" என்றாள். "அவரு தொடல. பசியோடதான் போனாரு."

இருசம்மாள் மாரில் அடித்துக்கொண்டு மறுபடி பாடையின் பக்கம் போனாள். சிந்துஜா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாய்க்கரிசி போடுறவங்க வாங்க" என்று பக்கிரி குரல் கொடுத்தான். வாய்க்கட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்கள். கதிரவன் போட்டான். இருசம்மாள் கை நிறைய அள்ளி, "தின்னுடா ராசா" என்று சொல்லிப் போட்டாள். அரிசி உதட்டிலிருந்து வழிந்து கழுத்துப் பக்கம் ஓடியது. பங்காளி வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகப் போட்டுவிட்டு விலகினார்கள்.

கடைசியாக மலர்க்கொடி வந்தாள். அவர் தலையைத் தூக்கிக் கொஞ்சம் உயர்த்தப் பார்த்தாள். விறைத்த கழுத்து அசையவில்லை. நுனிவிரலால் நாலே நாலு அரிசியை எடுத்து உதட்டின் நடுவில் வைத்தாள். வைத்துவிட்டு அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு இன்னும் நாலு. மறுபடி தொண்டையைப் பார்த்தாள்.

"மொத்தமா போட்டுடுக்கா, நேரமாவுது" என்றான் பக்கிரி.

"இருப்பா" என்றாள் மலர்க்கொடி. "மெதுவாத்தான்."

பாடையைத் தூக்கக் குனிந்தவர்கள், மூங்கிலில் கை வைத்தபடியே காத்திருந்தார்கள்.