தானா எரியிற லைற்

காரில் ஏறுவதற்கு முன் ஏரம்பு நாலு ரயரையும் காலால் உதைத்துப் பார்ப்பார். மூன்று உதை ரயருக்கு, நாலாவது மருமகளுக்கு. வேணுஜா அப்படித்தான் எண்ணினாள். அவள் எண்ணியதில் பிழையும் இல்லை.

இருபத்தாறு வருடம் லொறி ஓடிய மனிதர். யுத்தகாலத்தில் பாதை இருந்த இடத்திலும் ஓடினார், இல்லாத இடத்திலும் ஓடினார். ஊரெல்லாம் இடம்பெயர்ந்து, மெனிக்பாம் முகாமில் கிடந்து, கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் திரும்பி வந்து குடியேறி நாலு வருடமான பிறகு, கட்டாரில் வேலை செய்த மகன் கிருஷாந்தன் ஒரு ஜப்பான் கார் வாங்கினான். காரின் திறப்பு தன் கைக்குத்தான் வரும் என்று ஏரம்பு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசல் படலையில் நின்றார். அது அவரைத் தாண்டி வேணுஜாவின் கைக்குப் போனது. அவள் மன்னார் ஆஸ்பத்திரியில் தாதி. காலை வேலைக்கு முதல் பஸ் பிந்தும், பின்னேர வேலை முடிந்து வந்தால் பஸ்ஸே இராது. அதற்காகத்தான் கார். நியாயம் ஏரம்புவுக்கும் விளங்கியது. விளங்கினால் போதுமா, வயிறு எரியாதா?

அது தன்னைத்தானே பார்த்துக்கொள்கிற கார். இருட்டினால் முன் லைற் தானாக எரியும். ரயரில் காற்றுக் குறைந்தால் ஸ்ரியறிங்குக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து காட்டும். வேணுஜா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"இனி உதைக்கத் தேவையில்லை மாமா. காத்துக் குறைஞ்சால் காரே சொல்லும்."

"கார் உனக்குச் சொல்லட்டும். எனக்கு என்ர கால் சொல்லும்," என்றார் ஏரம்பு.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நேருக்கு நேர் பேச்சு குறைந்தது. அவளுக்கு லீவு வரும் நாட்களில் கார் அவரிடம் இருக்கும். முருங்கனுக்கு உரம் எடுக்கப் போவார், வங்காலைக்கு மீனுக்குப் போவார், ஒன்றுமில்லாவிட்டால் சும்மா போவார். திரும்பி வந்ததும் வேணுஜா ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டால் ஸ்ரியறிங்கைத் துடைப்பாள், அவர் பார்க்கும்படியாக. அவர் காறித் துப்புவார், அவள் கேட்கும்படியாக.

மார்கழியில் ஒரு பின்னேரம், மழை இருட்டில் வேணுஜா வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது பொலிஸ் மறித்தது. முன் லைற் எரியவில்லை. டாஷ்போட் வெளிச்சமாக இருந்ததால் லைற்றும் எரிகிறது என்று நினைத்து வந்திருக்கிறாள். லைற் சுவிச்சைப் பார்த்தால், தானாக எரியவைக்கும் ஓட்டோவில் இல்லை, ஓஃப்பில் நின்றது. தண்டச் சீட்டோடு வீடு வந்தவளைக் கண்டதும் ஏரம்பு அன்றைக்கென்று நல்ல குஷியாக இருந்தார்.

"தானா எரியிற லைற் தானா நூந்திட்டுதாக்கும்," என்றார்.

அன்றிரவே கட்டாருக்குச் செய்தி போனது.

மாசி மாதம் அதைவிட மோசம். முன் ரயர் இரண்டும் ஓரங்களில் வழுக்கையாகிவிட்டன. வாங்கி ஒரு வருடம் முடியவில்லை. ஏரம்பு பக்கத்து வளவு பாலசிங்கத்தைக் கூட்டி வந்து குந்தியிருந்து காட்டினார்.

"பார் பாலசிங்கம். வளைவுகளில வெட்டி வெட்டி ஓடுறா. இப்பிடித் தேய்ச்சால் எந்த ரயர் நிக்கும்?"

வேணுஜா குசினி வாசலில் நின்று கேட்டாள். கோபத்தில் அவளுக்குக் காது சூடேறியது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் மாமியார் சிவலட்சுமி ஒரு பாவம், வாய் திறக்காத சீவன். அவளுடைய பங்கையும் சேர்த்து மாமனார் பார்த்துக்கொண்டார். ஆனால் காரும் வேணுஜாவுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. மஞ்சள் விளக்கு ஒரு நாளும் எரிந்ததில்லை. எரியாததால் அவளும் ஒரு நாளும் காற்றைப் பார்த்ததில்லை.

கிருஷாந்தன் போனில் தீர்ப்பை அவசரமாகச் சொன்னான்.

"ஞாயிற்றுக்கிழமை அப்பாவோட மன்னாருக்குப் போய் ரயர் கடையில காட்டு. உன்ர ஓட்டந்தான் பிழையெண்டு அவன் சொன்னால் திறப்பை அப்பாட்டக் குடு. நீ மன்னாரில ஒரு அறை எடுத்து நில். தக்சிகா என்ர அம்மாவோட நிக்கட்டும்."

மகள் தக்சிகாவுக்கு நாலு வயது. வேணுஜா வந்து பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவாள். திறப்பு போனால் காரோடு பிள்ளையும் போகும், ஞாயிற்றுக்கு ஞாயிறு விருந்தாளியாக வந்து பார்க்கலாம். அந்த நிமிடம் வேணுஜா மாமனாரை வெறுத்தாள். கூச்சப்படாமல், முழு மனதோடு வெறுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஏரம்புதான் ஓடினார். தீர்ப்பு வருமுன்னமே திறப்பைக் கேட்டு வாங்கிவிட்டார். நாலு உதையையும் உதைத்துவிட்டுத்தான் ஏறினார்.

ரயர் கடை அமிர்தநாயகம் அதிகம் பேசாதவர். முன் ரயரைத் தடவினார், பிறகு காற்று மானியை எடுத்து வைத்துப் பார்த்தார். நாலுக்கும் பார்த்தார்.

"இருவத்திரண்டு. முப்பத்திமூண்டு இருக்க வேணும்," என்றார். "ஆர் இதை இவ்வளவு காத்தோட ஓடினது?"

"நான்தான்," என்றாள் வேணுஜா. "வளைவில வெட்டி ஓடினதால தேஞ்சதோ?"

"வெட்டி ஓடினால் ஒரு கரைதான் கூடத் தேயும் தங்கச்சி. இது ரண்டு கரையும் தேஞ்சிருக்கு, நடு அப்பிடியே கிடக்கு. காத்தில்லாமல் ஓடின தேய்வு. ஓட்டத்தில பிழையில்லை."

"மஞ்சள் லைற் எரியேல்லையே அண்ணை."

அமிர்தநாயகம் காருக்குள் குனிந்து ஸ்ரியறிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பட்டனைக் காட்டினார். "இதை அமத்திப் பிடிச்சால் அந்த நேரம் இருக்கிற காத்தைத்தான் கார் சரியெண்டு எடுக்கும். காத்தை இறக்கிப்போட்டு ஆரோ அமத்தியிருக்கினம். பிறகு அது என்னத்துக்கு எரியும்?"

வேணுஜா ஏரம்புவைப் பார்த்தாள். அவர் வீதியைப் பார்த்தார்.

"மாமா."

"ஓம், நான்தான்," என்றார் ஏரம்பு, தலையைத் திருப்பாமல். "மன்னார் வெயிலுக்குக் காத்தைக் குறைக்காமல் ஓடுறவன் மடையன். லொறிக்கும் அப்பிடித்தான் செய்தனான். சும்மா சும்மா அந்த மஞ்சள் எரிஞ்சு கொண்டிருந்தது. கராச்சில கேட்டு நூத்தனான்."

"காத்துக் குறைஞ்சால்தான் அண்ணை ரயர் கூடச் சுடும். வெடிக்கிறதும் அதாலதான்," என்றார் அமிர்தநாயகம்.

"நீ நேற்றுக் கடை போட்டவன்."

வேணுஜா ஏரம்புவின் முன்னால் போய் நின்றாள். "அப்ப என்னத்துக்கு மாமா பாலசிங்கம் அண்ணைக்கு நான் வெட்டி ஓடுறனெண்டு சொன்னனீங்கள்? கட்டாருக்குச் சொன்னனீங்கள்?"

ஏரம்பு சட்டைப் பையைத் தடவினார்.

"சரி, ரயர் நானெண்டே வை. லைற்றை ஆர் நூத்தது? அதையும் நானோ? போய்ச் சொல்லு உன்ர மனுசனுக்கு. லைற் போடத் தெரியாதவளுக்குக் கார் என்னத்துக்கு எண்டு அவனே கேப்பான்."

அவர் பொய் சொல்லவில்லை. லைற் விஷயத்தில் அவர் சுத்தமாகத்தான் இருந்தார், அதாவது தன்னளவில். அந்தத் துணிவைக் கண்டு வேணுஜா தன்னையே சந்தேகித்தாள்.

புது ரயர் இரண்டைப் பூட்டி, நாலுக்கும் காற்றடித்து முடிய மைமல் இருட்டாகிவிட்டது. திரும்பும்போதும் ஏரம்புவே ஓடினார். மன்னார்ப் பாலத்தில் ஏறியபோது முன் லைற் தானாக எரிந்தது. தள்ளாடிச் சந்தியும் தாண்டியது. உயிலங்குளம் வர இன்னும் கொஞ்சத் தூரம் இருந்தது. அந்த இடத்தில் முன்பு ஆமிச் சென்றி ஒன்று இருந்தது. காவலரணையும் மண் மூட்டையையும் அள்ளிக்கொண்டு போய் இரண்டு வருடம். இப்போது அங்கே எருக்கலையும் ஒரு உடைந்த தார்ப் பீப்பாயும்தான்.

கார் வேகம் குறைந்தது. ஏரம்புவின் வலக்கை சுவிச்சைத் திருகியது. முன் லைற் நூர்ந்து வீதி இருண்டது. இடக்கை மேலே போய் உள் லைற்றைப் போட்டது. வேணுஜாவுக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. யுத்தகாலத்தில் சென்றியைக் கண்டால் முன் லைற்றை நூத்து, உள் லைற்றைப் போட்டு, மெதுவாகப் போக வேண்டும். நூக்காதவனுக்கு வெடி விழும். தாண்டியதும் மனிதர் மறுபடி போடுவார், வீட்டில் நிறுத்தியதும் நூப்பார். ஓட்டோ என்ற இடத்துக்கு அந்தக் கை போனதே இல்லை. மார்கழியில் பொலிஸ் அவளை மறித்ததும் அதனால்தான்.

எதிரே ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸை முந்திக்கொண்டு வந்தது. வெளிச்சமில்லாத வீதியில் ஒரு கார் வருவது அதன் சாரதிக்கு எப்படித் தெரியும்?

"மாமா, லைற்!"

வேணுஜா குறுக்கே பாய்ந்து ஸ்ரியறிங்கை இடப்பக்கம் இழுத்தாள். கார் வீதியை விட்டிறங்கிச் சரளையில் சறுக்கி, பீப்பாயில் முட்டுவதற்கு முன் நின்றது. பஸ் ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு போனது.

"என்னத்துக்கு லைற்றை நூத்தனீங்கள்?"

"நான் நூக்கேல்லை," என்றார் ஏரம்பு. "நான் எங்க நூத்தனான்?"

உள் லைற் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வேணுஜா அவருடைய இடக்கையைப் பார்த்தாள். அவளுடைய பார்வை போன இடத்தை ஏரம்புவும் பார்த்தார். கையில் அவருடைய அடையாள அட்டை இருந்தது. பெயரும் படமும் வெளியே தெரியும்படி, கேட்பவனுக்கு நீட்டுவதற்குத் தயாராக, இரண்டு விரலுக்கிடையில் பிடித்திருந்தார். எப்போது பையிலிருந்து எடுத்தார் என்பது அவருக்கே தெரியவில்லை.

அதை அவர் உடனே பைக்குள் வைக்கவில்லை. இதை யார் தன் கையில் தந்தது என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேணுஜாவுக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. வந்ததற்காக அவளுக்குக் கோபமும் வந்தது. இந்த மனிதர் அவளுடைய பிள்ளையை அவளிடமிருந்து பிரிக்கப் பார்த்தவர், தெரிந்துகொண்டே பார்த்தவர்.

"இறங்குங்கோ மாமா. நான் ஓடுறன்."

அவர் இறங்கினார். காரைச் சுற்றி வரும்போது பழக்கத்தில் ரயரை உதைக்கக் காலைத் தூக்கினார், பிறகு தூக்கிய காலைக் கீழே வைத்தார். வேணுஜா சுவிச்சை ஓட்டோவுக்குத் திருகினாள். எருக்கலையும் பீப்பாயும் வெளிச்சத்தில் வந்தன.

"கிருஷாந்தனுக்குச் சொல்லப் போறியோ?" என்று கேட்டார், முருங்கன் கிட்டும்போது.

"ஓம்."

"ரயரையோ?"

"ரயரையும் சொல்லுவன், லைற்றையும் சொல்லுவன். திறப்பை இனி உங்களிட்டத் தரமாட்டன்."

சொன்னபடி செய்தாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, போனை ஸ்பீக்கரில் போட்டு, ஏரம்பு முன் கதிரையில் இருக்க, தக்சிகா மடியில் இருக்க, ஒன்றையும் விடாமல் சொன்னாள். காற்றை இறக்கியது, பட்டனை அமத்தியது, பாலசிங்கத்துக்குக் காட்டியது, சென்றி இல்லாத இடத்தில் லைற்றை நூத்தது, பஸ் வந்தது. அவருக்காக ஒரு சொல்லையும் மெதுவாக்கவில்லை.

"அப்பா என்னவாம்?" என்று கிருஷாந்தன் கேட்டான்.

ஏரம்பு நிமிர்ந்தார். அவருடைய கை, அடையாள அட்டை கிடந்த சட்டைப் பைக்கு மேலே போய் அதைப் பொத்திக்கொண்டது. இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, அதையும் இவள் சொல்லப் போகிறாள் என்று அவர் காத்திருந்தார். வேணுஜா அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லை," என்றாள். "அவ்வளவுதான் நடந்தது."