கண்ணாடியில் விழுந்த ஆள்

"நீங்க அங்க இல்லாத மாதிரி இருக்கணும், சார். அப்பதான் ஜனங்க இயல்பா இருப்பாங்க" என்றாள் போட்டோ வகுப்பின் ஆசிரியை. கேட்டுக்கொண்டிருந்த கணக்கருக்கு மகள் வயதுதான் இருக்கும் அவளுக்கு.

இல்லாத மாதிரி இருப்பதா? வழுக்கைத்தலைக் கணக்கருக்கு அது கைவந்த கலை ஆயிற்றே. ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்தால், "நீங்க லீவா, சார்?" என்று கேட்கிற அலுவலகம் அவருடையது. மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்குச் சுவர்கள்தான். வகுப்பில் சேர்ந்தால் யாராவது நாலு வார்த்தை பேசமாட்டார்களா என்ற நப்பாசையில்தான் கேமராவே வாங்கினார்.

வகுப்பில் கொடுத்த வேலை இது: தெருவில் ஒரு கடையைப் பிடித்து, அதன் ஒரு மாத வாழ்க்கையைப் படங்களாகச் சொல்ல வேண்டும். அவர் பிடித்தது முடிதிருத்தும் கடை. வெட்ட ஒன்றுமில்லாத தலைக்கு அங்கே என்ன வேலை என்று தெருவே சிரித்திருக்கும், அவரைக் கவனித்திருந்தால்.

"உட்காருங்கண்ணே" என்றார் கடைக்காரர், முதல் ஞாயிறன்று.

"நான் இல்லைன்னு நெனச்சுக்குங்க" என்று கையமர்த்திவிட்டு மூலையில் நின்றுகொண்டார். கடைக்காரர் அப்புறம் கூப்பிடவில்லை. சுற்றிலும் கண்ணாடி. தன் உருவம் விழாமல் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கடைசி வகுப்பில் ஆசிரியை படங்களை மேசையில் பரப்பினாள். "அருமை, சார். நீங்க இருந்ததே தெரியல."

பாராட்டுத்தான். அவருக்கோ "நீங்க லீவா, சார்?" என்று கேட்ட மாதிரி இருந்தது.

"இது மட்டும் வேணாம், கண்ணாடில விழுந்துட்டீங்க" என்று ஒன்றை ஒதுக்கினாள்.

அதை எடுத்துப் பார்த்தார். கேமராவும் வழுக்கையும் கண்ணாடியில் தெரிந்தன. பக்கத்தில் பெஞ்சின் ஓரத்தில் ஒரு காலி இடம். அங்கே மூடி வைத்த டீ கிளாஸ். மற்றப் படங்களைப் புரட்டினார். எல்லா ஞாயிறும் ஆட்கள் நின்றுகொண்டு காத்திருக்கிறார்கள், அந்த ஓரம் மட்டும் காலி. அதே கிளாஸ். எடுத்தவருக்கே அது கண்ணில் படவில்லை.

மறுநாள் ஞாயிறு. கேமரா இல்லாமல் போனார்.

"அந்த டீ யாருக்கு வெச்சது?"

"உங்களுக்குத்தாண்ணே. வேலையைக் கெடுக்க வேணாம்னு கூப்பிடல." கடைக்காரர் கத்தரியை நிறுத்தவில்லை. "முன்னாடி நிக்கிற ஆளை இல்லைன்னு எப்படிண்ணே நெனைக்கிறது? உட்காருங்க, ஆறிடப்போகுது."

அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கிளாஸை எடுத்தார். கண் நிறைந்துவிட்டது. மறைக்கலாமென்று முகத்தைத் திருப்பினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி.