பொல்து என்று யார் சொன்னது?

எங்கள் தொக்மோக் கார் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாருக்காவது டயர் பஞ்சரானால் அது அவர் தலையெழுத்து. டயர்க்காரன், பாட்டரிக்காரன், பெயின்ட்காரன் எல்லாரும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அனார்குலின் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே அந்த நேரத்துக்கு டிவியில், வலைக்கூண்டுக்குள் ஆளும் ஆளும் மோதுகிற பழைய கூண்டுச் சண்டை ஓடும்.

பழைய சண்டைதானே, யார் ஜெயித்தது என்று ஊருக்கே தெரியுமே என்பீர்கள். தெரியும்தான். ஆனால் அந்தக் கடைக்குள் யாருக்கும் தெரியாது. முடிவை முந்திச் சொன்னவன் அன்றைய பாத்திரம் முழுவதையும் கழுவ வேண்டும் என்பது அனார்குல் போட்ட சட்டம். டயர்க்காரன் தொக்தோசுன் ஒருமுறை வாய் தவறிவிட்டு, ஆட்டுக்கொழுப்பு உறைந்த லக்மான் நூடுல்ஸ் கிண்ணங்களோடு பொழுது சாயும்வரை மல்லுக்கட்டினான். அதன்பிறகு என்றைக்கோ முடிந்த சண்டைக்கும் இன்றைக்குத்தான் நடப்பதுபோல எல்லாரும் பந்தயம் கட்டுகிறார்கள். தோற்றவன் ஜெயித்தவனுக்கு சம்சா வாங்கித் தர வேண்டும்.

அனார்குல் வாயில் நாள் முழுக்க ஒரே சொல்தான்: "பொல்!" சீக்கிரம், ஆகட்டும், விடாதே, எல்லாவற்றுக்கும் அவளுக்கு அது ஒன்றே போதும். மாவு பிசைகிற பெண்ணுக்கும் பொல், வேகாத கறிக்கும் பொல். அதோடு ஒரு 'து' சேர்ந்து 'பொல்து' ஆகிவிட்டால் கதையே வேறு. போதும், முடிந்தது, விட்டுவிடு என்று அர்த்தம். அந்தச் சொல்லை அவள் சொல்வதே இல்லை. அவள் புருஷன் துய்ஷோவை ஊர் கூப்பிடுகிற பட்டப்பெயர் அது.

துய்ஷோ எதிர்வரிசையில் ரேடியேட்டர் பற்றவைக்கிறவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பிஷ்கெக்கில் கூண்டுக்குள் இறங்கியவன். முதல் இரண்டு சுற்றும் அவனுடையவை. மூன்றாவதில் எதிராளி இவன் கையைப் பிடித்து முறுக்கினான். தோற்றேன் என்று தரையைத் தட்டுவதுண்டு, அல்லது வாயால் சொல்வதுண்டு. துய்ஷோ தட்டவில்லை. ஆனால் 'பொல்து' என்று சொன்னதாக நடுவர் சண்டையை நிறுத்திவிட்டார். சொன்னாயா என்று கேட்டவர்களிடம் அவன் இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. "அவர் கேட்டிருக்காரே" என்றான். அதோடு சரி, மறுபடி கூண்டில் கால் வைக்கவில்லை. அது மட்டுமா? எந்தக் காரியத்திலும் நமக்கு எதற்கு என்று முதலில் ஒதுங்குகிறவனாக ஆகிவிட்டான். அனார்குலுக்கு அதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தது.

இப்போது ஊரில் பிள்ளைகளுக்கு மல்யுத்தக் கூடம் நடத்தும் பெர்மெத் அக்கா அவனைப் பயிற்சியாளராகக் கேட்கிறாள். ஒரு மாதமாக நடையாய் நடக்கிறாள். அவன் மசியவில்லை. திங்கட்கிழமை வேறு ஆளைப் போட்டாக வேண்டும் என்று அக்காவும் கறாராகச் சொல்லிவிட்டாள். அதற்கு முந்தைய நாளாகப் பார்த்து, எங்கேயோ முடங்கிக் கிடந்த அந்தப் பழைய ஒளிப்பதிவைத் தேடி எடுத்து டிவிக்காரர்கள் போடுகிறார்களாம். அந்தச் சண்டையை இதுவரை யாரும் திரையில் பார்த்ததில்லை. அவன் வாயே அந்தச் சொல்லைச் சொல்வதை ஊர் பார்த்துவிட்டால் பிறகு ஒன்றுமே மிச்சமில்லை என்று அனார்குல் பயந்தாள். டிவி கம்பியைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் மாமனார் முன்னதாகவே வந்து டிவிக்கு நேரே உட்கார்ந்துவிட்டார்.

மாமனார் பெயரை நான் சொல்லப்போவதில்லை. மருமகளே சொல்லாதபோது நான் யார்? எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷன் வழிப் பெரியவர்கள் பெயரைச் சொல்லமாட்டார்கள். அந்தப் பெரியவர்கள் முன்னால் புருஷன் பெயரையும் சொல்லமாட்டார்கள். அனார்குல் இதில் ரொம்பக் கெட்டி. "இந்தாங்க", "பையனோட அப்பா", இதற்குமேல் போகமாட்டாள்.

"நான் துய்ஷோ அண்ணன் பக்கம்" என்றான் தொக்தோசுன். "ரெண்டு சம்சா."

"டேய், முடிவு தெரிஞ்சுமா?" என்றான் பாட்டரிக்காரன்.

"என்ன முடிவு? எனக்கு ஒண்ணும் தெரியாது. அண்ணி, இவன் சட்டத்த மீறுறான் பாருங்க!"

அனார்குலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு ஒரு கிண்ணம் கூடுதலாகத் தேநீர் ஊற்றினாள். பெர்மெத் அக்கா கதவோரமாக நின்றுகொண்டாள். துய்ஷோ வரவில்லை. எதிர்க்கடையில் அவன் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது.

திரையில் இளைய துய்ஷோ வந்தான். என்ன முடி, என்ன தோள்! முதல் சுற்றில் எதிராளியைத் தூக்கிப் போட்ட போட்டில் கடையே எழுந்து நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பிடி விழுந்தது. துய்ஷோவின் முகம் திரையில் பாதியை அடைத்தது. கூண்டு வலைக்குப் பின்னால் முன்வரிசை ஆட்கள் தெரிந்தார்கள். நடுவர் மண்டியிட்டுக் குனிந்தார். கூச்சலுக்கு நடுவே, யார் குரல் என்று பிரிக்க முடியாவிட்டாலும் சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது: "பொல்து!"

நடுவர் பாய்ந்து பிரித்துவிட்டார்.

தொக்தோசுன் கத்தினான். "யோவ், மனுஷன் வாயே தெறக்கலையே! பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்காரு!"

"ஆமாய்யா! உதடு அசையவே இல்ல!"

"அப்போ யாரு சொன்னது, பேயா?"

திரையில் அதையே திருப்பிப் போட்டார்கள். இந்த முறை அனார்குல் துய்ஷோவைப் பார்க்கவில்லை. வலைக்குப் பின்னால் பார்த்தாள். முன்வரிசையில் புதுக் கல்யாணப் பெண் ஒருத்தி எழுந்து நின்று கத்துகிறாள். பக்கத்தில் உயரமான கல்பாக் தொப்பி போட்ட பெரியவர் சட்டென்று அவள் பக்கம் திரும்புகிறார். அவள் கை பதறிப்போய் வாயைப் பொத்துகிறது.

அந்தப் பெண் அனார்குலேதான். 'பொல், துய்ஷோ!' என்று கத்தத்தான் எழுந்தாள். மாமனார் பக்கத்தில் இருப்பது பாதிப் பெயரில் ஞாபகம் வந்து மீதியை விழுங்கிவிட்டாள். சத்தம் வெளியே வருவதற்குள் நிறுத்திவிட்டோம் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். பொல், து. அவ்வளவுதான் வெளியே வந்திருக்கிறது.

திரும்பினாள். மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. வேறு யாரும் கவனிக்கவில்லை. இப்படியே விட்டுவிடலாம், அவன் சொல்லவில்லை என்பதுதான் தெரிந்துவிட்டதே என்று அவள் மனம் ஓடியது.

கூச்சல் கேட்டு துய்ஷோ கையில் கரியோடு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, நீங்க சொல்லவே இல்ல! கண்ணால பார்த்தோம்!" தொக்தோசுன் அவனைக் கட்டிக்கொண்டான்.

துய்ஷோ அவனை மெல்ல விலக்கினான். "விடுடா. வாய் அசையலேன்னா என்ன? என் காதால கேட்டேன்டா. அந்த வலியில என் தலைக்குள்ளயே கேட்டுச்சு. நானா சொல்லாம அது எப்படிக் கேக்கும்?"

ஓ, இதுதானா! நடுவரை அல்ல, இவன் தன் காதையே நம்பியிருக்கிறான். தன்னையே சாட்சியாக வைத்துத் தனக்கே தண்டனை போட்டிருக்கிறான். அனார்குல் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான்தாங்க" என்றாள்.

"என்ன நீ?"

"அந்தச் சத்தம் போட்டது நான்தான். முன்வரிசையில."

துய்ஷோவின் முகம் இறுகியது. "நீயா? என்னை விட்டுடச் சொல்லியா கத்துன?"

"ஐயோ, இல்லங்க! நான் சொல்ல வந்தது வேற."

"வேற என்ன?"

அவள் மாமனாரைப் பார்த்தாள். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கிழவர் செருமினார், நெளிந்தார். பிறகு கல்பாக்கை இரண்டு கையாலும் இழுத்துக் காதுவரை இறக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார். "சொல்லும்மா. அன்னிக்கே நான் திரும்பிப் பார்த்திருக்கக் கூடாது."

அனார்குல் மூச்சை இழுத்துக் கடை அதிரக் கத்தினாள். "பொல், துய்ஷோ! விடாத, துய்ஷோ!"

மாவு பிசைகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். துய்ஷோ பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான். கரிக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. கோபமோ என்று அனார்குல் கிட்டே போகப் பயந்து நின்றாள். போட்டி போனது போனதுதான், அதை யாரும் திருப்பித் தர முடியாது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

"நான் சொல்லல" என்றான் அவன் கைகளுக்குள்ளிருந்து.

"நீங்க சொல்லலங்க."

"நான் விடல."

"விடவே இல்ல."

கையை எடுத்தபோது முகம் முழுக்கக் கரி, நடுவில் கண்ணீர் ஓடிய தடம். யாரும் சிரிக்கவில்லை. தொக்தோசுன்கூட. துய்ஷோ கதவுப்பக்கம் திரும்பினான்.

"பெர்மெத் அக்கா, பசங்க எத்தனை மணிக்கு வருவாங்க?"

"ஆறு மணிக்கு வா" என்றாள் அக்கா.

"வர்றேன். ஆனா ஒண்ணு. என் பசங்க சண்டை போடுறப்ப இவ முன்வரிசையில உக்காரக் கூடாது."

"உக்காருவேன்" என்றாள் அனார்குல். "பாதியில நிறுத்தமாட்டேன், அவ்ளோதான்."