பென்சிலில் எழுதிய எண்

போதகர் கடைக்குள் நுழைந்ததும் கண்ணாடிக்காரர் கையிலிருந்த திருப்புளியை மேசைமேல் போட்டார். எட்டு மாதமாக இந்த மனிதரிடம் என்ன கேட்க வேண்டும் என்று குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார். இப்போது ஆளே எதிரில் நின்றார். அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் கறுப்பு நூல் சுற்றியிருந்தது.

"அத்தான், சிரிக்க வேணாம். கடிக்காம இருந்தா போதும்," என்று கல்லாவில் இருந்த மைத்துனி முணுமுணுத்தாள். அக்கா இறந்தபின் கடை வேலையில் பாதி அவள் தலைமேல்தான்.

"கால் உடைஞ்சிடுச்சு தம்பி," என்றார் போதகர்.

"வேற கடை இருக்கு."

"இருக்கு." ஆனால் அவர் நகரவில்லை.

"கல்லறையில என்ன வாசிச்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

கண்ணாடிக்காரரின் மனைவி சாவதற்கு முன் போதகருக்கு ஒரு துண்டுச்சீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுத்திருந்தாள்: அடக்கத்தில் நூற்றிருபத்தோராம் சங்கீதம் வாசிக்க வேண்டும். வழித்துணையாக வருகிறவரைப் பற்றியது அது. போதகர் வாசித்தது நூற்றிருபத்தேழு. பிள்ளைகள் நிறைந்த வீட்டின் பாக்கியத்தைக் கொண்டாடுவது. இருபத்திரண்டு வருடம் ஒரு பிள்ளைக்காக முழங்கால் தேய ஜெபித்தவளின் பெட்டிக்கு முன்னால் நின்று அதை வாசித்தார். வந்திருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் ஆலயப் படி ஏறவில்லை.

"பாதியிலயே தெரிஞ்சுபோச்சு," என்றார் போதகர். "நிறுத்தினா என் தப்பு வெளிச்சமாயிடும்னு முழுசும் வாசிச்சேன். கோழைத்தனம்."

"அந்த ஒரு வார்த்தையச் சொல்லிட்டா தீந்துடுமா?"

"தீராது."

எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்கிற ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? கண்ணாடிக்காரர் அந்த உடைந்த கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். காலை ஒட்டிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தார். ஆனால் பழகிய கை அதைப் பவர் பார்க்கும் கருவியில்தான் முதலில் வைத்தது.

"நாலஞ்சு வருஷத்துப் பவர் இது. இதைப் போட்டுக்கிட்டா நடமாடறீங்க?"

"நேத்து ஞானஸ்நானத்துல தண்ணிய குழந்தையோட அப்பா சட்டையில ஊத்திட்டேன். அதான் வெக்கத்தை விட்டு வந்தேன்."

மைத்துனி இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்பவே புதுசுக்குக் குடுத்திருக்கணும்," என்றார் கண்ணாடிக்காரர்.

மைத்துனி போதகரையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாகக் குனிந்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஆர்டர்களை வைக்கும் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை இழுத்தாள். தூசி படிந்த சட்டம், வெட்டாத இரண்டு லென்ஸ், ஒரு சீட்டு. சீட்டில் அக்காவின் பென்சில் எழுத்தில் பவர் எண்கள், மேலே 'போதகர் ஐயா. அவசரம்.' அடியில் இரண்டு கோடு. தேதி, அவள் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள்.

கண்ணாடிக்காரருக்குக் காது இரண்டும் சுட்டது.

"ஒரு தடவை கேட்டிருக்கலாமே?"

"ஆஸ்பத்திரியில உங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு, என் கண்ணாடி என்னாச்சுன்னா?"

"அடக்கத்துக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாம், கண்ணு தெரியலன்னு."

"சொன்னா எல்லாரும் உங்களத்தான் பாப்பாங்க. அன்னிக்கு உங்களுக்கு அது வேறயா?"

"யாரைக் கேட்டு என் பழிய நீங்க சுமந்தீங்க?" கண்ணாடிக்காரர் மேசையில் அறைந்தார். திருகாணிகள் துள்ளின. எட்டு மாதம் ஊட்டி வளர்த்த கோபம் இப்போது யார் வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் அவர் நெஞ்சுக்குள்ளேயே முட்டிமோதியது. போதகர்மேல், தன்மேல், இதையெல்லாம் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்மேல்.

சீட்டைப் பறித்துக்கொண்டு லென்ஸை வெட்ட உட்கார்ந்தார். லென்ஸை எந்தக் கோணத்தில் பொருத்துவது என்ற எண்ணில் கை நின்றது. பதினொன்றா, பதினேழா? மனைவி போடும் ஒன்றுக்கு மூக்கு நீளம், ஏழு போலவே இருக்கும். அதற்காக எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறார். "என்னைக் கேட்டா சொல்ல மாட்டேனா?" என்பாள். கேட்பார், சொல்வாள்.

"இது ஒண்ணா, ஏழா?"

மைத்துனி எட்டிப் பார்த்தாள். "அது அக்காவுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும் அத்தான்."

சரியான பவர் போட்டிருந்த கண்ணாடிக்காரரே அந்தச் சீட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே எழுத்தைத்தான் இந்த மனிதர் குழிமேட்டில் நின்று, நாலஞ்சு வருஷத்துப் பவரில் பார்த்திருக்கிறார்.

"உக்காருங்க," என்றார். குரல் இளகவில்லை. ஆனால் நாற்காலியைத் தன் கையால் இழுத்துப் போட்டார்.

சோதனைச் சட்டத்தைப் போதகர் முகத்தில் மாட்டி, லென்ஸை மெல்லத் திருப்பினார். "எங்க தெளியுதோ சொல்லுங்க." கண்களின் இடைவெளியை அளக்க முகத்துக்கு முகம் குனிந்தார். போதகரின் கருவிழிகள் இரண்டிலும் குட்டியாக ஒரு கண்ணாடிக்காரர், அவருக்குப் பின்னால் குட்டியாக ஒரு கடை வாசல், அதில் ஒரு பொட்டு வெயில். ஆயிரம் கண்களில் பார்த்ததுதான். "ஒரு கடுகுக்குள்ள ஆண்டவர் தெருவையே வெச்சிருக்கார் பாருங்க, உங்களுக்கு அலுத்தே போகாது," என்று மனைவி சொல்வாள். அவருக்கு எப்போதோ அலுத்துவிட்டிருந்தது. இன்றைக்கு அளந்து முடித்த பிறகும் நிமிராமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப தெளியுது," என்றார் போதகர்.

பதினொன்று.

அரை மணி நேரத்தில் புதுக்கண்ணாடி தயார். போதகர் அதை மாட்டிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்த சின்ன வேதாகமத்திலிருந்து மடித்துத் தேய்ந்த ஒரு துண்டுச்சீட்டை எடுத்தார். எட்டு மாதமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இப்பவும் ஏழு மாதிரிதான் இருக்கு தம்பி."

"ஒண்ணு," என்றார் கண்ணாடிக்காரர். "அவ ஒண்ணு அப்படித்தான் இருக்கும். வாசிங்க."

"இங்கயா?"

"இங்கதான். அவசரமில்லாம வாசிங்க."

மைத்துனி எழுந்துபோய்க் கடைக்கதவைச் சாத்தினாள்.