கம்பியில் படாத வில்

1

இந்தக் கதையை நான் திருடினேன். என் மகள் ஹெட்போனோடு பார்த்துக்கொண்டிருந்த ஜப்பானிய அனிமே தொடரிலிருந்து. பள்ளி இசைக்குழு, அதில் ஒரு பயந்த பெண், கூட்டத்தோடு கூட்டமாக, வயலின் வில்லைக் கம்பியில் படாமல் ஆட்டியே காலம் தள்ளுகிறாள். கடைசி எபிசோடில் எல்லோரும் தேற்ற, வாசித்துவிடுகிறாள். நான் அழுதேன். குடும்ப நாவல் எழுதுகிறவளுக்கு அது தொழில் வியாதி.

அவளைப் பாபநாசத்துக்குக் கூட்டிவந்தால் என்ன?

2

"காவிரியில் புதுத்தண்ணீர் வந்த அன்று அமலோற்பவம்" (வேண்டாம். இப்படித் தொடங்கி ஏழு நாவல் எழுதியாயிற்று.)

"தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று" (பாதியில் நின்றுவிட்டது. நிற்கட்டும், அவள் அப்படித்தான்.)

அமலோற்பவம், ஒன்பதாம் வகுப்பு. கன்னியர் நடத்தும் பள்ளி. எட்டு வயலின்களில் கடைசி வயலின். இசை ஆசிரியை மரியபுஷ்பம் சிஸ்டர் ஒருநாள் குனிந்து பார்த்தார்.

"பாப்பா, வில்லு கம்பியில படவே இல்லையே. காத்துக்கா வாசிக்கிற?"

"படுது சிஸ்டர்."

"ஈ உக்காந்திருந்தாகூடப் பறக்காது போல. கதவச் சாத்திட்டு எனக்கு மட்டும் வாசி, பார்ப்போம்."

வாசித்தாள். சிஸ்டர் உட்கார்ந்துவிட்டார். ஆண்டு விழாவுக்கு அமைச்சர்* வருகிறார். வரவேற்பு இசையின் முதல் எட்டு வரி அமலோற்பவத்துக்கு மட்டும் என்று முடிவாயிற்று. அவள் தொடங்கினால்தான் மற்றவர்கள் சேர முடியும்.

(இங்கே ஒரு கிளாரினெட் பையனை நுழைக்கக் கை துறுதுறுத்தது. நல்லவேளை, பெண்கள் பள்ளி.)

* எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். கல் நட்டது ஒரு ஆட்சி, சாலை போட வருவது அடுத்த ஆட்சி.

3

கல் என்றேனே. அனிமேயில் வயல் இல்லை. நானோ பாபநாசம் போகும் வழியில், பால் பிடிக்கும் பயிருக்கு நடுவே புறவழிச்சாலைக்கு நட்ட சர்வே கற்களைப் பார்த்துத் தொலைத்தேன். அதன்பிறகு கதை என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு கல் சவரியப்பன் வயலில் நின்றது. சவரியப்பன் அமலோற்பவத்துக்கு அப்பாவாகிவிட்டார். தன் அப்பா கூலிக்கு நாற்று நட்ட அதே ஒரு ஏக்கரை, பதினெட்டு வருஷம் கொத்தனார் வேலை பார்த்து வாங்கியவர். விழா நாளில் பள்ளி வாசலில் கறுப்புக்கொடி காட்டப்போகிறார்.

முந்தின நாள் சாப்பிடும்போது கேட்டார்: "நீ உள்ள வாசிக்கிறது வாசல் வரைக்கும் கேக்குமா அமலு?"

ஆசையில் கேட்டாரா, குத்தலாகவா? நாலு விதமாக எழுதிப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை. அவளும் தட்டைப் பார்த்தபடி, "தெரியலப்பா" என்றாள்.

4

முடிவு ஒன்று: வாசிக்கிறாள். அமைச்சர் கைதட்டுகிறார். வாசலில் அப்பாவைப் போலீஸ் வேனில் ஏற்றுகிறார்கள். (இதற்கு நான் எப்படி ஆனந்தக் கண்ணீர் விடுவது?)

முடிவு இரண்டு: வாசிக்க மறுக்கிறாள். மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"வாசிக்கலைன்னா பயந்துட்டான்னுதாம்மா சொல்லுவாங்க. அப்பாவுக்காகன்னு யாருக்குத் தெரியும்?"

"அவளே சொல்லுவா."

"யாரு, அவளா? மைக்லயா? அதுக்கு வாசிச்சே தொலைச்சிடலாம்."

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, காய்ந்த துணியை எல்லாம் மடித்துவைத்தேன். என் நாவல்களில் மாமியார்கள்கூடக் கடைசிப் பக்கத்தில் சமாதானமாகிவிடுவார்கள்.

5

அமைச்சர் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர் தலையசைக்கிறார். ஏழு வயலின்கள் காத்திருக்கின்றன. அமலோற்பவத்தின் வில், கம்பிக்கு ஒரு நூல் மேலே நிற்கிறது. பயமா, பிடிவாதமா? முகத்தருகே போய்ப் பார்த்தும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இனி என்னால் உள்ளே இருக்க முடியாது. வெளியே வந்துவிட்டேன். நீங்களும் வாருங்கள், இந்தப் போலீஸ் வேன் பக்கம். சன்னலோரம் இருப்பவர்தான் சவரியப்பன். சுற்றியிருப்பவர்கள் கோஷம் போடுகிறார்கள். அவர் கையை உயர்த்தி, "செத்த சும்மா இருங்கப்பா" என்கிறார்.

கேட்கிறதா?