யார் பரிந்துரைத்தது?

புதுக் கணினியில் இயங்குதளம் போட என் கொழுந்தன் வந்து உட்கார்ந்தபோதே கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவன் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போய் எட்டு நாள் ஆகிறது. நான் குடும்ப ஆலோசகர். என்னிடம்தான் வந்து அழுதாள். போகும் இடத்தைச் சொன்னாள், காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அந்த முகவரி என் கோப்பில் இருந்தது. கோப்பு பென்டிரைவில், பென்டிரைவ் கைப்பையில், கைப்பை என் மடியில்.

இவனை வரவழைத்தது என் வீட்டுக்காரர். "வீட்டுலயே ஆள் இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று கேட்டார். அவருக்கு எல்லாவற்றிலும் சிக்கனம்.

திரையில் 'வன்தட்டைப் பூட்டவும்' என்று ஒரு கட்டம், அதில் ஏற்கெனவே டிக். பக்கத்தில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்றிருந்தது.

"யாரு பரிந்துரைச்சா?" என்றேன்.

"அது தானா வர்றது, அண்ணி."

தானாக எதுவும் வராது. என் மேசைக்கு எதிரே உட்காரும் பெண்களும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "கை பட்டுடுச்சு மேடம்" என்பார்கள். யார் கை என்று கேட்டால்தான் அழுகை வரும்.

"அப்போ அந்த டிக்கை எடுத்துடு."

"எடுத்தா, கம்ப்யூட்டரைத் திருடிட்டுப் போறவன் எல்லாத்தையும் படிச்சுடுவான். பூட்டிட்டா உங்க பாஸ்வேர்ட் இல்லாம யாராலயும் முடியாது. என்னாலயும்தான்."

என்னாலயும் என்று எதற்குச் சொல்கிறான்? நான் கேட்கவே இல்லையே. கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்தது 'தொலைவிலிருந்து அணுக அனுமதி'. "இது வேண்டவே வேண்டாம். நானே என் வீட்டுல இருந்து உள்ளே புகுந்துடலாம்" என்று அணைத்தான். பாஸ்வேர்ட் கேட்காமல் திறக்கும் வசதியையும் அணைத்தான். பாஸ்வேர்டை என்னையே போடச் சொல்லிவிட்டு நடையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். பாஸ்வேர்ட் மறந்தால் திறக்க உதவும் மீட்பு எண் வந்தபோது, "தாள்ல எழுதிக்குங்க. யாருக்கும் காட்டாதீங்க" என்று அங்கிருந்தே சொன்னான்.

ஒரு குறை சொல்ல முடியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. இவனையா இப்படிச் சந்தேகப்பட்டோம் என்றிருந்தது. முகவரி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அவன் திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"அவ எங்கே இருக்கான்னு உங்களுக்குத் தெரியும்ல, அண்ணி? அப்படி என்ன நடந்துபோச்சு? ஒரு தடவை கை பட்டுடுச்சு. அவ்வளவுதானே?"

"யார் கை, தம்பி?"

இவ்வளவு நேரமும் யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று கட்டம் கட்டமாகப் பாடம் நடத்தியவன், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

கதவைத் தாழிட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். பிறகு பென்டிரைவைச் செருகி, முதல் கோப்பாக அவளுடையதை ஏற்றினேன். 'காரணம்' என்ற இடம் எட்டு நாளாகக் காலியாகக் கிடந்தது. அதில் எழுதினேன்: கணவன் அடித்தான்.