பவுனு ஆக்கிய சோறு

டிவி என்றாலே இப்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கொடைக்கானலில் டவர் போட்டார்கள். சுருளிப்பட்டி பஞ்சாயத்தில் ஒரு பெட்டியை வாங்கி வைத்தார்கள். ஊரே வாயைப் பிளந்துகொண்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நாடகம். மலைவாசிகளாம். இடுப்பில் இலைதழை, முகத்தில் கரி. ஊளையிட்டுக்கொண்டே ஒரு குழந்தையைப் பலி கொடுக்கப் பார்க்கிறார்கள். பட்டணத்து வாலிபன் துப்பாக்கியோடு வந்து காப்பாற்றுகிறான். அதை எழுதின மகராசன் மலைப்பக்கம் தலைவைத்தாவது படுத்திருப்பானா?

மறுநாள் என் பால்வாடியில் பாதிப் பிள்ளைகள் சாப்பிட வரவில்லை. அதற்கு மறுநாள் ஒன்றும் வரவில்லை. எங்கள் சமையல் ஆயா பவுனு பளியர் வீட்டுப் பெண், மலைவாசி, அதுதான் காரணம். மலையடிவாரத்திலிருந்து நடந்து வந்து, எல்லாரையும் போலச் சேலை கட்டி, ஒரு வருசமாக ஆக்கிப் போடுகிறவள். அவர்கள் குடியிருப்பில் அரசாங்கச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் அவள்தான். பிள்ளைகள் சாப்பிடாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

ஊர்த் தாய்மார்களுக்கெல்லாம் தலைவி மாதிரி மூக்கம்மாள். அவளைப் போய்க் கேட்டேன். உலையில் அரிசி போடும்போது பவுனு அடுப்பைப் பார்த்து ஏதோ முணுமுணுக்கிறாளாம். அது மந்திரமாம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஏத்தா, உலை வைக்கிறப்ப நீ அடுப்பக் கும்பிட மாட்டியா?"

"நாங்க கும்பிடுறது சாமிய, டீச்சர். அவ கும்பிடுறது என்னன்னுதான் நாடகத்துல காட்டிட்டாகளே."

காலங்காலமாக இவள் வீட்டுக்குத் தேன் கொண்டுவந்து கொடுத்தது பவுனின் மாமியார்தான். கண்ணால் பார்த்த மனுசி பொய்யாம், பெட்டி சொன்னது மெய்யாம்.

நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, இவர்கள் அடுப்புக் கும்பிடும் விசயத்தில் எனக்கென்ன வேலை. ஆனால் வாய் சும்மா இருக்காது. வெள்ளிக்கிழமை மூக்கம்மாளையும் இன்னும் சில பெண்களையும் சண்டை போட்டு இழுத்து வந்து அடுப்படியில் நிறுத்தினேன். முணுமுணுப்பதை இன்றைக்கு வாய்விட்டுச் சொல் என்றேன் பவுனிடம். அவள் கூச்சத்தோடு ஒரு பிடி அரிசியை ஏந்தினாள்.

"திங்கிற பிள்ளைக நோய்நொடி இல்லாம இருக்கணும் தாயே."

தினமும் மூக்கம்மாள் தன் வீட்டு அடுப்பில் கேட்பதும் இதுதானே. சோறு வெந்ததும் நான் முதலில் சாப்பிட்டேன். பிறகு அவளும் ஒரு வாய் அள்ளிப் போட்டாள். முனகிக்கொண்டே போய் எல்லாரும் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டன. பவுனின் வேலை பிழைத்தது.

அப்பாடா என்று திரும்பினால், வரிசைக் கடைசியில் பவுனின் மகள் பேச்சி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உம்மென்று இருந்தாள். பசிக்கவில்லையா என்று கேட்டேன். பசிக்கிறதாம். பவுனு குழம்பு வாளியோடு பக்கத்தில் வந்து குனிந்தாள். பிள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒதுங்கினாள்.

"நான் காட்டுவாசி இல்ல டீச்சர். ஆத்தா ஆக்குனத நான் திங்க மாட்டேன்."